திண்மங்களிலிருந்து எலக்ட்ரான் உமிழ்வு: குவாண்டம் கோட்பாடும் ஆய்வக அளவீடும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திண்மத்தின் உள்ளே எலக்ட்ரான்கள் எந்தெந்த ஆற்றல் நிலைகளில் இருக்கின்றன என்பதைக் குவாண்டம் கோட்பாடு சொல்கிறது. ஆய்வகத்திலோ, மேற்பரப்பைக் கடந்து வெற்றிடத்தின் வழியே வந்துசேர்ந்த எலக்ட்ரான்கள் உண்டாக்கும் சிறு மின்னோட்டம் மட்டுமே கைக்குக் கிடைக்கிறது. அந்த மின்னோட்டத்திலிருந்து கோட்பாட்டின் எண்களுக்கு எவ்வாறு போய்ச் சேர்வது, போகும் வழியில் எங்கெங்கே வழுக்கிவிழ நேரும் என்பதைப் பற்றி மாணவர்களும் ஆசிரியர்களும் வழக்கமாக எழுப்பும் ஐயங்களுக்கு இங்கே விடை தரப்படுகிறது. எலக்ட்ரான், அதிர்வெண், மின்னழுத்தம் ஆகியவற்றைப் பள்ளி இறுதி வகுப்பளவில் அறிந்திருந்தால் போதும்.

உலோகத்தின் உள்ளே தாராளமாகத் திரியும் எலக்ட்ரான் ஏன் தானாக வெளியே வந்துவிடுவதில்லை?

உலோகத்தின் உட்புறத்தில் எலக்ட்ரானை எல்லாத் திசைகளிலிருந்தும் நேர்மின் அயனிகள் ஈர்ப்பதால், ஈர்ப்பு ஏறத்தாழச் சமன்பட்டுவிடுகிறது. மேற்பரப்பை அடைந்ததும் அந்தச் சமநிலை குலைந்து, அதை உள்நோக்கி இழுக்கும் ஒரு மின்னழுத்த அரண் எதிரே நிற்கிறது. மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் மிக உயர்ந்த ஆற்றல் மட்டத்தை ஃபெர்மி மட்டம் என்கிறோம். அங்கிருந்து ஓர் எலக்ட்ரானை மேற்பரப்புக்குச் சற்று வெளியே ஓய்வுநிலையில் கொண்டுவந்து வைப்பதற்குத் தேவைப்படும் குறைந்தபட்ச ஆற்றலே வெளியேற்று ஆற்றல். சோடியத்துக்கு இது ஏறத்தாழ 2.3 எலக்ட்ரான் வோல்ட், டங்ஸ்டனுக்கு ஏறத்தாழ 4.5. அறை வெப்பநிலையில் வெப்ப இயக்கம் தரும் ஆற்றலின் அளவோ 0.026 எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே. டங்ஸ்டனைப் பொறுத்தவரை அரணின் உயரம் அதைப்போல் 170 மடங்குக்கும் மேல் என்பதால், தானாக வெளியேறும் வாய்ப்பு நடைமுறையில் சுழிதான்.

இங்கேயே ஒரு செய்தியைக் கவனித்துக்கொள்வது நல்லது. வெளியேற்று ஆற்றல் உலோகத்தின் பண்பு மட்டுமன்று, மேற்பரப்பின் பண்பும் ஆகும். எலக்ட்ரான்களின் அலைச்சார்பு (அவை எங்கே இருக்க வாய்ப்புண்டு என்பதைச் சொல்லும் குவாண்டம் அலை) கடைசி அணு வரிசைக்கு வெளியேயும் சிறிது கசிந்திருப்பதால், பரப்பில் ஒரு மெல்லிய மின் இருமுனைப் படலம் உருவாகிறது. அணுக்கள் நெருக்கமாக அமைந்த முகத்திலும் தளர்வாக அமைந்த முகத்திலும் அதன் வலிமை வேறுபடும். படிகத்தின் முகங்களை 110, 111 போன்ற எண்களால் குறிப்பது வழக்கம். டங்ஸ்டன் படிகத்தின் 110 முகத்தில் வெளியேற்று ஆற்றல் 5 எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டுகிறது. 111 முகத்தில் 4.5-ஐ ஒட்டியே நிற்கிறது. எனவே, அட்டவணையில் ஓர் உலோகத்துக்கு ஒரே எண் கொடுக்கப்பட்டிருந்தால், அது பல முகங்கள் கலந்த பரப்பின் ஒருவகைச் சராசரி என்றே கொள்ள வேண்டும்.

உமிழ்வு எத்தனை வகைப்படும்?

பாடநூல்கள் நான்கு வகைகளைக் கூறுகின்றன. ஒளியால் நிகழ்வது ஒளிமின் உமிழ்வு. சூட்டால் நிகழ்வது வெப்ப அயனி உமிழ்வு. வலிய மின்புலத்தால் நிகழ்வது புல உமிழ்வு. வேகமான துகள் மோதுவதால் நிகழ்வது இரண்டாம் நிலை உமிழ்வு. முதல் இரண்டில் எலக்ட்ரான் அரணைத் தாண்டிக் குதிக்கிறது. மூன்றாவதில் அது அரணை ஊடுருவிச் செல்கிறது. நான்காவதில் உள்ளே பல மோதல்கள் நடந்து முடிந்த பிறகு, எஞ்சிய ஆற்றலோடு வெளியேறுகிறது.

ஒளிமின் விளைவில் பழைய அலைக்கொள்கை எந்த இடத்தில் உடைந்தது?

1887ஆம் ஆண்டில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ், மின்காந்த அலைகளை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, புற ஊதா ஒளி பட்டால் தீப்பொறி எளிதில் தாவுவதைக் கண்டார். மறு ஆண்டில் வில்ஹெல்ம் ஹால்வாக்ஸ், எதிர்மின்னூட்டம் பெற்ற துத்தநாகத் தகடு புற ஊதா ஒளியில் தன் மின்னூட்டத்தை இழப்பதைக் காட்டினார். வெளிவருபவை எலக்ட்ரான்களே என்பதை 1899இல் ஜே. ஜே. தாம்சன் உறுதிசெய்தார். சிக்கலைக் கூர்மையாக்கியவர் பிலிப் லெனார்ட். ஒளியின் செறிவைக் கூட்டினால் எலக்ட்ரான்களின் எண்ணிக்கைதான் கூடுகிறதே தவிர, அவற்றின் பெரும ஆற்றல் கூடுவதில்லை என்று 1902இல் அவர் கண்டறிந்தார்.

செறிவு கூடினால் அலையின் வீச்சு கூடும். வீச்சு கூடினால் எலக்ட்ரானை வலுவாக உலுக்க வேண்டும். அலைக்கொள்கையின் எதிர்பார்ப்பு இதுதான். ஆயினும், லெனார்ட் உடனே அலைக்கொள்கையைக் கைவிட்டுவிடவில்லை என்பது பாடநூல்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. எலக்ட்ரான் அணுவுக்குள்ளேயே அந்த ஆற்றலோடு சுழன்றுகொண்டிருக்கிறது, ஒளி அதை அவிழ்த்துவிடும் வேலையை மட்டும் செய்கிறது என்று அவர் விளக்கினார். அன்றைய சான்றுகளுக்கு அது பொருந்தாத விளக்கம் அன்று. 1905இல் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் முன்வைத்த கருத்து அதிலிருந்து வேறுபடுவது, அளந்து சரிபார்க்கக்கூடிய ஓர் எண்ணை அது முன்கூட்டியே சொன்னதால்தான். பெரும ஆற்றல் என்பது பிளாங்க் மாறிலியை அதிர்வெண்ணால் பெருக்கி, வெளியேற்று ஆற்றலைக் கழித்தால் கிடைப்பது. ஆகவே, அதிர்வெண்ணுக்கு எதிராக வரையும் நேர்கோட்டின் சாய்வு எந்த உலோகமானாலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். 1905இல் அந்த நேர்கோட்டை மெய்ப்பிக்கப் போதிய தரவு எவரிடமும் இல்லை.

மில்லிகன் உண்மையில் எதை அளந்தார்?

வெளிவந்த எலக்ட்ரான்களைப் பெறும் எதிர்த் தகடான சேகரிப்பானுக்கு எதிர்மின்னழுத்தம் கொடுத்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் மிக வேகமான எலக்ட்ரானும் வந்துசேராமல் நின்றுவிடும். அந்த அழுத்தமே நிறுத்து மின்னழுத்தம். ராபர்ட் மில்லிகன் சோடியம், லித்தியம் போன்ற கார உலோகங்களை வெற்றிடக் குழாய்க்குள்ளேயே கத்தியால் சீவிப் புதிய பரப்பை உண்டாக்கி, பல அதிர்வெண்களுக்கு நிறுத்து மின்னழுத்தத்தை அளந்தார். கார உலோகங்களைத் தேர்ந்ததற்குக் காரணம், அவற்றின் வெளியேற்று ஆற்றல் குறைவாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே பரந்த அதிர்வெண் வீச்சு கிடைக்கும் என்பதாகும். 1916இல் அவர் வெளியிட்ட பிளாங்க் மாறிலியின் மதிப்பு 6.57 × 10⁻³⁴ ஜூல் வினாடி. இன்று வரையறையாகவே நிறுவப்பட்டுள்ள 6.62607015 × 10⁻³⁴ என்பதிலிருந்து அது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே விலகுகிறது. ஐன்ஸ்டைனின் சமன்பாடு துல்லியமாகப் பொருந்துவதை ஒப்புக்கொண்ட மில்லிகன், அதன் அடிப்படையான ஒளிக்குவாண்டம் (ஒளி தனித்தனி ஆற்றல் பொட்டலங்களாக, அதாவது ஃபோட்டான்களாக, வருகிறது) என்னும் கருத்தை அப்போது ஏற்கவில்லை. சமன்பாடு சரி, அதன் காரணம் வேறாக இருக்கலாம் என்பது ஓர் ஆய்வாளர் எடுக்கக்கூடிய நேர்மையான நிலைப்பாடுதான் என்பது என் கருத்து.

இனி, பலரும் தவறவிடும் நுட்பத்துக்கு வருவோம். நேர்கோட்டின் சாய்விலிருந்து பிளாங்க் மாறிலி கிடைக்கிறது. வெட்டுத்துண்டிலிருந்து உமிழும் உலோகத்தின் வெளியேற்று ஆற்றல் கிடைக்கும் என்றே பெரும்பாலோர் எண்ணுகின்றனர். அது தவறு. உமிழ்ப்பானையும் சேகரிப்பானையும் கம்பியால் இணைத்தவுடன் இரண்டின் ஃபெர்மி மட்டங்களும் ஒன்றாகிவிடுகின்றன. அதன் விளைவாக, இரு பரப்புகளுக்கும் இடையிலான வெற்றிடத்தில், அவற்றின் வெளியேற்று ஆற்றல்களின் வேறுபாட்டுக்குச் சமமான தொடுகை மின்னழுத்தம் தோன்றுகிறது. எலக்ட்ரான் இதையும் சேர்த்தே கடக்க வேண்டும் என்பதால், கணக்கில் உமிழ்ப்பானின் வெளியேற்று ஆற்றல் நீங்கிப்போய், சேகரிப்பானுடையதே எஞ்சுகிறது. மில்லிகன் இதை அறிந்திருந்ததால் தொடுகை மின்னழுத்தத்தைத் தனியே அளந்து திருத்தம் செய்தார். சாய்வைப் பரப்பின் நிலை கெடுப்பதில்லை, வெட்டுத்துண்டை எளிதில் கெடுத்துவிடுகிறது என்ற இந்தப் பாடம், கீழே வரும் எல்லா உமிழ்வு வகைகளிலும் ஏதாவதொரு வடிவில் திரும்ப வரும்.

ஒளிமின் விளைவு ஃபோட்டான் இருப்பதை மெய்ப்பிக்கிறதா?

அதை மட்டும் வைத்துப் பார்த்தால் இல்லை என்பதே கவனமான விடை. ஒளியைப் பழைய அலையாகவே வைத்துக்கொண்டு, எலக்ட்ரானை மட்டும் குவாண்டம் விதிகளின்படி கையாண்டால், அலையின் அதிர்வெண்ணுக்கு ஏற்ற ஆற்றல் வேறுபாடு கொண்ட நிலைகளுக்கு இடையில்தான் தாவல் நிகழும் என்ற முடிவு கிடைக்கிறது. பயன்தொடக்க அதிர்வெண் (அதற்குக் கீழே எலக்ட்ரான் வெளிவராத எல்லை), ஆற்றலுக்கும் அதிர்வெண்ணுக்கும் உள்ள நேர்கோட்டுத் தொடர்பு, செறிவோடு எண்ணிக்கை கூடுவது ஆகிய மூன்றும் அதிலிருந்தே வந்துவிடுகின்றன. வில்லிஸ் லாமும் மார்லன் ஸ்கல்லியும் 1960-களின் இறுதியில் இதை விரிவாகக் காட்டினர். எனவே, ஒளிமின் விளைவு ஐயமின்றி நிறுவுவது பொருளின் குவாண்டம் தன்மையை. ஒளியின் குவாண்டம் தன்மைக்கு நேரடிச் சான்றாக, தனி அணு வெளியிடும் ஒளியில் ஃபோட்டான்கள் ஒன்றையொன்று தவிர்த்து வருவதைக் கிம்பிள், டாகனே, மாண்டல் ஆகியோர் 1977இல் கண்டதைப் போன்ற சோதனைகளைத்தான் சுட்ட வேண்டும். ஐன்ஸ்டைனின் முடிவு சரியாகவே அமைந்தது. ஆனால், 1905இல் அவர் அதற்குச் சொன்ன முதன்மையான காரணமும் ஒளிமின் விளைவு அன்று, வெப்பக் கதிர்வீச்சின் என்ட்ரோபி பற்றிய கணக்கீடே.

ஒளி பட்ட அந்த நொடியிலேயே எலக்ட்ரான் வெளிவந்துவிடுகிறதா?

1928இல் எர்னஸ்ட் லாரன்சும் ஜெஸ்ஸி பீம்சும் தாமதம் இருந்தால் அது 3 நானோ வினாடியை மீறாது என்று காட்டினர். உடனடி என்று பாடநூல்கள் எழுதுவது இந்தப் பொருளில்தான். அட்டோ வினாடித் துடிப்புகள் கைவந்த பிறகு கேள்வி நுண்மையடைந்தது. டங்ஸ்டன் படிகத்தில் அணுவின் உள்கூட்டு எலக்ட்ரான்கள், உலோகமெங்கும் திரியும் கடத்து பட்டை எலக்ட்ரான்களைவிட ஏறத்தாழ 100 அட்டோ வினாடி பிந்தி வெளிவருவதாக 2007இல் ஓர் அளவீடு காட்டியது. ஓர் அட்டோ வினாடி என்பது 10⁻¹⁸ வினாடி. இது ஒளியை உறிஞ்சக் காத்திருந்த நேரம் மட்டுமன்று. பரப்பை நோக்கிப் பயணம் செய்த நேரமும் இதில் கலந்திருக்கிறது.

வெப்ப அயனி உமிழ்வில் குவாண்டம் கோட்பாடு எங்கே நுழைகிறது? சூடாக்கினால் ஆவியாவதுபோல் எலக்ட்ரான் வெளியேறுகிறது என்று சொன்னால் போதாதா?

ஓவன் ரிச்சர்ட்சன் 1901இல் தொடங்கியது அப்படித்தான். உலோகத்தின் உள்ளே எலக்ட்ரான்கள் வாயுவைப்போல் இருப்பதாகக் கொண்டு, மின்னோட்ட அடர்த்தி வெப்பநிலையின் வர்க்கமூலத்தோடும், ஓர் அடுக்குக்குறிக் காரணியோடும் பெருகும் என்று அவர் வருவித்தார். பின்னர், வெப்ப இயக்கவியல் வழியே சிந்தித்து, வர்க்கமூலத்துக்குப் பதிலாக வெப்பநிலையின் இருமடி வர வேண்டும் என்று திருத்தினார். எது சரி என்பதைச் சோதனையால் ஏன் உடனே முடிவுசெய்ய இயலவில்லை? எண்களைப் போட்டுப் பார்த்தால் விளங்கும். டங்ஸ்டனை 2000 கெல்வினிலிருந்து 2500 கெல்வினுக்குச் சூடாக்கினால், அடுக்குக்குறிக் காரணி மட்டுமே ஏறத்தாழ 185 மடங்கு உயர்கிறது. இருமடிக் காரணி 1.56 மடங்கும், வர்க்கமூலக் காரணி 1.12 மடங்கும்தான் உயர்கின்றன. இந்தச் சிறு வேறுபாட்டை, வெளியேற்று ஆற்றலை ஏறத்தாழ 0.3 எலக்ட்ரான் வோல்ட் மாற்றிக்கொள்வதன் மூலம் முற்றிலும் மறைத்துவிடலாம். ஒரே தரவுக்கு இரு சூத்திரங்களும் அழகாகப் பொருந்தும். அவை தரும் வெளியேற்று ஆற்றல் மட்டும் வேறுபடும்.

குவாண்டம் கோட்பாடு நுழைவது, அடுக்குக்குறிக்கு முன்னே நிற்கும் மாறிலியில்தான். பழைய கணக்கில் அந்த மாறிலி, உலோகத்தில் ஒரு கன அளவில் எத்தனை எலக்ட்ரான்கள் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. 1923இல் சால் டஷ்மனும், 1928இல் ஃபெர்மி–டிராக் புள்ளியியலின் (ஒரு குவாண்டம் நிலையில் ஓர் எலக்ட்ரானே இருக்கலாம் என்ற விதியில் எழும் கணக்கின்) துணையோடு ஆர்னால்ட் சோமர்ஃபெல்டும் கண்டது வேறு: எலக்ட்ரானின் நிறை, மின்னூட்டம், போல்ட்ஸ்மான் மாறிலி, பிளாங்க் மாறிலி ஆகியவை மட்டுமே சேர்ந்து, எல்லா உலோகங்களுக்கும் பொதுவாக, ஒரு சதுர செ.மீ.க்கு, கெல்வின் இருமடிக்கு 120 ஆம்பியர் என்ற எண்ணைத் தருகின்றன. பிளாங்க் மாறிலி இதன் கீழ்ப்பகுதியில் மும்மடியாக நிற்கிறது. உலோகத்தில் எத்தனை எலக்ட்ரான்கள் என்ற கேள்வியே மறைந்துபோகிறது. வெளியேறும் அளவு ஆற்றலுள்ள நிலைகள் எத்தனை என்பதே கணக்கில் நிற்கிறது. ரிச்சர்ட்சனுக்கு 1928ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியானால் சோதனையில் 120 கிடைக்கிறதா?

பெரும்பாலும் கிடைப்பதில்லை. டங்ஸ்டனுக்கு வழக்கமாகக் கூறப்படும் அளவீட்டு மதிப்பு 60-ஐ ஒட்டியது. இதைக் கண்டு கோட்பாடு பொய்த்துவிட்டது என்று முடிவுகட்டுவது அவசரம். வெளியேற்று ஆற்றல் வெப்பநிலையோடு சிறிதே மாறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கெல்வினுக்கு 0.00006 எலக்ட்ரான் வோல்ட் வீதம் அது உயர்கிறது என்போம். மின்னோட்டத்தை வெப்பநிலையின் இருமடியால் வகுத்து, மடக்கை எடுத்து, வெப்பநிலையின் தலைகீழுக்கு எதிராக வரைந்தால், இந்த உயர்வு சாய்வைத் தொடவே தொடாது. ஆனால், அது வெட்டுத்துண்டுக்குள் போய் ஒளிந்துகொண்டு, 120-ஐச் சரிபாதியாக, 60-ஆக, ஆக்கிவிடும். வீதம் 0.0001 என்றால் ஏறத்தாழ 38-ஆகக் குறைக்கும். இதோடு, பரப்பின் முகங்களுக்கிடையே வெளியேற்று ஆற்றல் திட்டுத்திட்டாக வேறுபடுவதும், அரணின் உச்சியில் எலக்ட்ரான் அலை ஓரளவு எதிரொளிக்கப்படுவதும், உமிழும் உண்மையான பரப்பளவு வடிவியல் பரப்பளவிலிருந்து மாறுபடுவதும் சேர்ந்துகொள்கின்றன. மில்லிகனின் கோட்டில் கண்ட அதே பாடம் இங்கும் பொருந்துகிறது.

வெளிவந்த எலக்ட்ரான்கள் வெற்றிடத்தில் முகில்போல் தேங்கி, பின்வருபவற்றைத் தள்ளிவிடுவதும் உண்டு. அந்நிலையில் மின்னோட்டம் மின்னழுத்தத்தின் ஒன்றரை அடுக்கைப் பின்பற்றும். பரப்பைப் பற்றி அது எதையும் சொல்லாது. அளவீட்டைத் தொடங்குமுன் இந்நிலையைத் தாண்டியிருக்கிறோமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

புல உமிழ்வைக் குவாண்டம் ஊடுருவலின் சான்று என்கிறார்களே, அதன் அடிப்படை என்ன?

மேற்பரப்பில் வெளிப்புற மின்புலம் செயல்படும்போது, எலக்ட்ரானும் உலோகத்தில் அது தூண்டும் எதிர்வகை மின்னூட்டமான அதன் பிம்ப மின்னூட்டமும் ஈர்த்துக்கொள்வதால் உருண்டிருக்கும் அரணின் உச்சி தாழ்கிறது. வால்டர் ஷாட்கி இதைக் கணக்கிட்டிருந்தார். ஒரு நானோமீட்டருக்கு 1 வோல்ட் என்ற புலத்தில் அரண் 1.2 எலக்ட்ரான் வோல்ட் தாழும். புலத்தின் வர்க்கமூலத்தோடு இந்தத் தாழ்வு வளரும். டங்ஸ்டனின் 4.5 எலக்ட்ரான் வோல்ட் அரண் முழுதும் மறைய வேண்டுமானால், நானோமீட்டருக்கு 14 வோல்ட் தேவை. பழைய இயற்பியலின்படி, குளிர்ந்த உலோகத்திலிருந்து கணிசமான மின்னோட்டம் அந்த அளவை நெருங்கிய பிறகே வர வேண்டும். ஆய்வகத்தில் அதைவிட மிகக் குறைந்த புலங்களிலேயே மின்னோட்டம் தோன்றியது. அதோடு, வெப்பநிலையை மாற்றினாலும் அது ஏறத்தாழ மாறவில்லை. மில்லிகனும் சார்லஸ் லாரிட்சனும் 1928இல் மின்னோட்டத்தின் மடக்கையைப் புலத்தின் தலைகீழுக்கு எதிராக வரைந்து நேர்கோடு கிடைப்பதைக் கண்டனர். ஆனால், அது ஏன் நேர்கோடாக இருக்க வேண்டும் என்பதற்கு அப்போது விளக்கம் இல்லை.

அதே ஆண்டில் ரால்ஃப் ஃபௌலரும் லோதர் நார்டைமும் அந்த விளக்கத்தைத் தந்தனர். புலம் அரணைத் தாழ்த்துவதோடு நில்லாமல், அதை மெல்லியதாகவும் ஆக்குகிறது. நானோமீட்டருக்கு 4 வோல்ட் புலத்தில், ஃபெர்மி மட்டத்தில் அரணின் தடிமன் ஏறத்தாழ 1 நானோமீட்டர் மட்டுமே. அவ்வளவு மெல்லிய அரணுக்கு அப்பாலும் எலக்ட்ரானின் அலைச்சார்பு முற்றாக அழிந்துவிடுவதில்லை. ஆகவே, எலக்ட்ரான் உச்சியைத் தாண்டாமலேயே மறுபக்கம் தோன்ற முடிகிறது. மின்னோட்டம் புலத்தின் இருமடியோடும், வெளியேற்று ஆற்றலின் ஒன்றரை அடுக்கைப் புலத்தால் வகுத்த அளவின் எதிர் அடுக்குக்குறியோடும் மாறும் என்பது அவர்களின் முடிவு. புலத்தை 4-லிருந்து 5 வோல்ட்டாக உயர்த்தினாலே, எளிய முக்கோண அரணுக்கான சூத்திரப்படி, மின்னோட்டம் ஏறத்தாழ 40 மடங்காகிறது. அணுக்கருவிலிருந்து ஆல்ஃபாத் துகள் வெளியேறுவதற்கு ஜார்ஜ் கேமோவும், அவரைச் சாராமல் கர்னி, காண்டன் இருவரும் இதே ஊடுருவலைக் காரணமாகக் காட்டியதும் அந்த 1928ஆம் ஆண்டில்தான்.

ஃபௌலர்–நார்டைம் வரைபடம் நேர்கோடாக வந்துவிட்டால், கோட்பாடு பொருந்திவிட்டது என்று எழுதிவிடலாமா?

ஆய்வுக்கட்டுரைகளில் மிகவும் மலிந்துபோன முடிவு இது. மிகவும் எச்சரிக்கை தேவைப்படும் முடிவும் இதுதான். நாம் அளப்பது மின்புலத்தை அன்று, மின்னழுத்தத்தை. கூரிய முனையில் புலம் பன்மடங்காகக் குவிகிறது. அந்தப் பெருக்கக் காரணி பெரும்பாலும் நேரே அளக்கப்படாத ஒன்று. வரைபடத்தின் சாய்வில் வெளியேற்று ஆற்றலும் பெருக்கக் காரணியும் ஒன்றாகப் பிணைந்தே வருகின்றன. ஒன்றைத் தெரிந்ததாக வைத்துக்கொண்டால்தான் மற்றொன்று கிடைக்கும். இதுவரை சாய்வு நம்பகமானது என்று சொல்லிவந்தோம். இங்கே அந்த நம்பிக்கைக்கும் ஒரு வரம்பு வந்துவிடுகிறது. நானோ குழாய்ப் படலங்கள் போன்றவற்றுக்குப் பல்லாயிரக்கணக்கில் பெருக்கக் காரணி கிடைத்ததாகக் கணக்கு வந்தால், முதலில் ஐயுற வேண்டியது சுற்றில் தொடராக இருக்கும் மின்தடையையும், மின்னழுத்தம் முழுவதும் முனையில்தான் விழுகிறதா என்பதையும்தான்.

இன்னொரு குறை வரலாற்றுத் தன்மையுடையது. முக்கோண அரண் என்பது எளிமைக்காகச் செய்த தோராயம். பிம்ப விசையால் அரணின் உச்சி உருண்டு தாழ்வதைச் சேர்த்தால் மின்னோட்டம் பெருமளவு கூடும். நார்டைம் 1928இல் வெளியிட்ட திருத்தக் கணக்கில் ஒரு பிழை இருந்தது. அது 1953இல்தான் களையப்பட்டது. 1956இல் மர்ஃபியும் குட்டும் சரியான வடிவத்தை முறைப்படுத்தினர். டங்ஸ்டனுக்கு நானோமீட்டருக்கு 4 வோல்ட் புலத்தில் எளிய சூத்திரத்துக்கும் திருத்திய சூத்திரத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 250 மடங்கு. இவ்வளவு பெரிய வேறுபாடு இருந்தும் இரண்டுமே ஏறத்தாழ நேர்கோட்டைத் தருகின்றன. சாய்வு சில விழுக்காடுதான் மாறுகிறது. அதனால்தான் எளிய சூத்திரம் இன்றும் பிழைத்திருக்கிறது. அதைக்கொண்டு உமிழும் பரப்பளவைக் கணக்கிடுபவர்கள், விடை நூற்றுக்கணக்கான மடங்கு பிறழக்கூடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

மின்னோட்டத்தைவிட நேரடியான சான்று உண்டா?

உண்டு. வெளிவரும் எலக்ட்ரான்களின் ஆற்றல் பரவலைப் பார்க்க வேண்டும். எலக்ட்ரான் அரணைத் தாண்டியிருந்தால், அதன் மொத்த ஆற்றல் அரணின் உச்சிக்கு மேல் இருக்கும். ஊடுருவியிருந்தால், அது ஃபெர்மி மட்டத்தை ஒட்டியே இருக்கும். 1959இல் ரஸ்ஸல் யங், எர்வின் முல்லர் ஆகியோரின் ஆய்வுகள் இரண்டாவதை ஐயத்துக்கிடமின்றிக் காட்டின. பரவலின் மேல்விளிம்பு ஃபெர்மி மட்டத்தில் செங்குத்தாக வெட்டப்பட்டதுபோல் நிற்கிறது. வெப்பநிலையை உயர்த்தினால் அந்த விளிம்பு மழுங்குகிறது. கீழ்ப்புறம், ஊடுருவும் வாய்ப்பு குறையும் வேகத்துக்கு ஏற்ப, சில பத்தில் ஒரு எலக்ட்ரான் வோல்ட் அளவில் தேய்ந்து மறைகிறது. ஒரே வளைவின் ஒரு பக்கத்தில் ஃபெர்மி–டிராக் புள்ளியியலும் மறுபக்கத்தில் ஊடுருவலும் தனித்தனியே தெரிவது, இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த படம். இந்தக் குறுகிய பரவலும், உமிழும் இடம் மிகச் சிறியதாக இருப்பதும்தான் புல உமிழ்வு முனைகளை உயர்தர எலக்ட்ரான் நுண்ணோக்கிகளுக்கு ஏற்ற மூலமாக்கின.

ஒளிமின் உமிழ்வைக்கொண்டு திண்மத்தின் ஆற்றல் பட்டைகளை எப்படிக் காண்கிறார்கள்?

வெளிவரும் எலக்ட்ரானின் ஆற்றலோடு, அது வந்த கோணத்தையும் அளப்பதன் மூலம். சீரான படிகப் பரப்பைக் கடக்கும்போது, பரப்புக்கு இணையான திசையில் எலக்ட்ரானின் உந்தம் மாறுவதில்லை. புற ஊதா ஃபோட்டானின் உந்தமோ புறக்கணிக்கத்தக்கது. எனவே, வெளியே அளந்த ஆற்றலிலிருந்தும் கோணத்திலிருந்தும், உள்ளே இருந்தபோது அதற்கிருந்த இணை உந்தத்தை நேரே கணக்கிடலாம். ஹீலியம் விளக்கின் 21.2 எலக்ட்ரான் வோல்ட் ஒளியில், 30 பாகைக் கோணத்தில் வரும் ஃபெர்மி மட்ட எலக்ட்ரானுக்கு அலை எண் ஓர் ஆங்ஸ்ட்ராமுக்கு ஏறத்தாழ 1 என வருகிறது; படிகங்களின் பிரில்லுவன் மண்டலத்தின் (படிகத்துக்குள் எலக்ட்ரானின் வேறுபட்ட அலை எண்கள் எல்லாம் அடங்கும் பரப்பின்) அளவும் இதே வரிசையில்தான் இருக்கிறது. பரப்புக்குச் செங்குத்தான உந்தம் மட்டும் அரணால் மாற்றப்படுவதால், அதை மீட்டெடுக்கக் கூடுதல் அனுமானங்கள் தேவைப்படும்.

கணக்கீட்டுக்குப் பெர்க்லண்டும் ஸ்பைசரும் 1964இல் வகுத்த மூன்று படி மாதிரி இன்றும் பயன்படுகிறது: ஒளியை உறிஞ்சுதல், பரப்பை நோக்கிப் பயணித்தல், அரணைக் கடத்தல். இவை உண்மையில் தனித்தனி நிகழ்வுகள் அல்ல. குவாண்டம் கோட்பாடு இவற்றை ஒரே தாவலாகவே எழுதும். மாதிரி எளிமையாக இருப்பதால் நீடிக்கிறது. அதன் இரண்டாம் படியில்தான் நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. 50 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டிய ஆற்றலுள்ள எலக்ட்ரான், ஆற்றலை இழக்காமல் கடக்கும் சராசரி தூரம் அரை நானோமீட்டர் அளவே. அதாவது, நாம் காண்பது மேலேயுள்ள சில அணு அடுக்குகளை மட்டும். வெற்றிடத்தின் அழுத்தம் 10⁻⁶ டார் அளவில் இருந்தால், எஞ்சிய வாயு ஒரு வினாடியிலேயே பரப்பை ஓரணு அடுக்காக மூடிவிடக்கூடும். 10⁻¹⁰ டார் அளவில் சில மணி நேரம் கிடைக்கும். பழைய அளவீடுகள் ஒன்றோடொன்று முரண்பட்டதற்கு இதுவே பெரும் காரணம்.

நிறமாலையில் தெரியும் முகடு, எலக்ட்ரான் உள்ளே இருந்த ஆற்றல் நிலைதானா?

முற்றிலும் அன்று. ஓர் எலக்ட்ரான் நீங்கியதும் மற்றவை தம்மை மறுசீரமைத்துக்கொள்கின்றன. அளக்கப்படுவது நீங்குவதற்கு முன்னும் பின்னும் முழு அமைப்புக்கும் உள்ள ஆற்றல் வேறுபாடு. எலக்ட்ரான்கள் ஒன்றோடொன்று வலுவாக வினைபுரியாத பொருள்களில் இந்த வேறுபாடு பட்டைக் கணக்கீட்டை ஒட்டியே வரும். பிறவற்றில் முகடு அகன்றும், இடம்பெயர்ந்தும், பக்கத்தில் துணை முகடுகளோடும் வரும். இதைக் குறையாகக் கருதாமல் தகவலாகக் கொண்டதே அண்மைக்கால வளர்ச்சி. பட்டை ஃபெர்மி மட்டத்துக்கு அருகே திடீரென மடங்கினால், எலக்ட்ரான் படிக அதிர்வுகளோடு பிணைந்திருப்பதை அது காட்டலாம். தாமிர ஆக்சைடு மீக்கடத்திகளில் ஆற்றல் இடைவெளி திசைக்குத் திசை மாறுவது 1990-களில் இந்த முறையால் கண்ணுக்குத் தெரிந்தது.

இரண்டாம் நிலை உமிழ்வுக்கும் இவ்வளவு தெளிவான குவாண்டம் சூத்திரம் உண்டா?

இல்லை. மோதும் எலக்ட்ரான் உள்ளே தொடர்ச்சியாகப் பல எலக்ட்ரான்களைக் கிளப்பிவிடுவதால், ஒவ்வொரு மோதலின் நிகழ்தகவையும் குவாண்டம் கோட்பாட்டிலிருந்து எடுத்து, ஆயிரக்கணக்கான பாதைகளை எழுந்தமானமாகக் கணினியில் ஓட்டிப்பார்ப்பதே நடைமுறை. சில நூறு எலக்ட்ரான் வோல்ட்டில் விளைச்சல் உச்சம் அடைவதன் காரணம் மட்டும் எளிது: ஆற்றல் குறைவானால் கிளம்புபவை குறைவு, மிகுதியானால் அவை ஆழத்தில் கிளம்பி வெளியே வர முடிவதில்லை.

கல்லூரி ஆய்வகத்தில் பிளாங்க் மாறிலியை அளந்தால் மதிப்பு குறைவாகவே வருகிறது. என்ன பிழை?

முதலில் எதிர்த்திசை மின்னோட்டத்தைப் பாருங்கள். உமிழ்ப்பானின் கார உலோகம் சிறிது ஆவியாகிச் சேகரிப்பானில் படிந்திருந்தால், சிதறிய ஒளி அங்கிருந்தும் எலக்ட்ரான்களை வெளியேற்றும். மொத்த மின்னோட்டம் சுழியாகும் இடம் அப்போது உண்மையான நிறுத்து மின்னழுத்தமாக இராது. அதைவிடக் குறைவாகவே தெரியும். அதிர்வெண் கூடக்கூட இந்தக் குறைவும் கூடுவதால், சாய்வு தாழ்கிறது. மின்னோட்டம் எதிர்த்திசையில் தட்டையாகும் அளவை அடிக்கோடாகக் கொண்டு, வளைவு அதிலிருந்து பிரியும் புள்ளியை எடுப்பது மேல்.

அடுத்து, நீண்ட அலைநீளங்களில் வடிகட்டி வழியே கசியும் ஒளி. பாதரச விளக்கின் 546 நானோமீட்டர் கோட்டை அளக்கும்போது, 405 அல்லது 436 நானோமீட்டர் ஒளி சிறிது கசிந்தாலும், நிறுத்து மின்னழுத்தத்தை அந்தக் கசிவே தீர்மானித்துவிடும். கோட்டின் கீழ்முனை மேலே தூக்கப்படுவதால் சாய்வு மீண்டும் குறையும். 365, 546 நானோமீட்டர் கோடுகளுக்கு இடையே நிறுத்து மின்னழுத்த வேறுபாடு 1.13 வோல்ட்டாக இருக்க வேண்டும். ஒரு முனையில் 0.1 வோல்ட் பிழை நேர்ந்தாலே விடையில் 9 விழுக்காடு பிழை வந்துவிடும். சேகரிப்பானின் வெளியேற்று ஆற்றல் எல்லா அலைநீளங்களுக்கும் ஒன்றே என்பதால் அது சாய்வைப் பாதிக்காது. அளவீட்டேட்டில் வெட்டுத்துண்டுக்கு எதிரே உமிழ்ப்பானின் பெயரை எழுதியிருந்தால் மட்டும், அதை அடித்துவிட்டுச் சேகரிப்பானின் பெயரை எழுதுங்கள்.